செல்லாக்காசில் தொடங்கிய சேகரிப்பு

நான் வாங்கிய முதல் பழைய நோட்டின் வரிசை எண் 8894. அமெரிக்காவின் பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் 1840 டிசம்பர் 15 என்று நாளிட்டு வெளியிட்ட ஆயிரம் டாலர் தாள் அது என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். தாள் நன்றாகப் பழுப்பேறியிருந்தது, தொட்டால் சருகைப் போல மொறமொறத்தது, கையொப்பங்கள் மங்கியிருந்தன. பழைய பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று நான் மனத்தில் வரைந்து வைத்திருந்தேனோ, அது அப்படியே இருந்தது. அதே வங்கி, அதே தொகை, அதே நாள், அதே 8894 ஆகியவற்றைத் தாங்கிய தாள்கள் ஏராளமானோரிடம் இருக்கின்றன என்பதும், நினைவுப்பொருளாக அச்சிட்டு விற்கப்பட்ட நகல்களில் மிகவும் பரவிய ஒன்று அதுதான் என்பதும் மூன்று நாள் கழித்தே எனக்குத் தெரியவந்தது. ஒரே வகை நோட்டில் ஒரே எண் நூற்றுக்கணக்கான தாள்களில் வர வாய்ப்பில்லை என்ற எளிய கணக்கைக்கூட வாங்கும்போது நான் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தத் தாளை நான் எறியவில்லை. அதன் பிறகு வாங்கிய ஒவ்வொரு நோட்டையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஓராண்டில் பன்னிரண்டு நோட்டுகள் சேர்ந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்தது, சோதித்தது, ஒன்றைக் கெடுத்தது, மற்றவற்றை வைத்துக் காப்பது ஆகியவற்றின் பதிவு இது.

எதைச் சேர்ப்பது என்ற முடிவுக்கு வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பழமை கூடக் கூட அருமையும் கூடும் என்று முதலில் நினைத்திருந்தேன். பழமையைவிட முக்கியமான ஒன்று, அந்த நோட்டைக் கடைசியில் யார் வைத்திருந்தார் என்பது. வங்கி தன் வாக்கைக் காப்பாற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால், தாள் வங்கிக்கே திரும்பிப் போய் அழிக்கப்பட்டிருக்கும். வாக்குப் பொய்த்திருந்தால், தாள் மக்கள் கையிலேயே தங்கி, பெட்டிகளின் அடியிலும் புத்தகங்களின் நடுவிலும் நூற்றாண்டைக் கடந்திருக்கும். ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை 1661இல் ஸ்டாக்ஹோம்ஸ் பாங்கோ வழியாக வெளியிட்டவர் யோஹான் பால்ம்ஸ்ட்ருக்; அவற்றில் இன்று எஞ்சியவை மிகச் சொற்பம். சீனத்து மிங் அரசு 1375 முதல் வெளியிட்ட, ஏறத்தாழ ஒரு முழுப் பக்க அளவுக்குப் பெரிய, முசுக்கட்டை மரப்பட்டைத் தாளில் அச்சான நோட்டுகளும் புதிதாகத் தொடங்குபவர் கைக்கு எட்டுபவை அல்ல. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அசிஞா, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டரசின் டாலர், ஜார் காலத்து ரூபிள், 1923ஆம் ஆண்டின் ஜெர்மன் மார்க் ஆகியவை இன்றும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்ட அரசு வீழ்ந்தது அல்லது பணத்தின் மதிப்பு கரைந்தது; கொண்டுபோய் மாற்ற இடமில்லாமல் தாள்கள் தங்கிவிட்டன. நாம் செல்லாக்காசு என்று இழிவாகச் சொல்வதே தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்குக் கிடைக்கும் நல்ல பாடப்புத்தகம் என்பது என் முடிவு. தவறு செய்தாலும் இழப்பு சிறியது. ஒரே வகையில் இரண்டு மூன்று வாங்கி ஒப்பிடலாம். மலிவானவற்றை அதிகம் மெனக்கெட்டுப் போலி செய்பவர்களும் குறைவு.

ஆகவே மூன்று குழுக்களை வரையறுத்துக்கொண்டேன்: 1792, 1793ஆம் ஆண்டுகளின் சிறிய அசிஞாக்கள், 1898 முதல் 1912 வரை நாளிட்ட ரஷ்ய நோட்டுகள், 1910 முதல் 1923 வரை நாளிட்ட, ஜெர்மனியின் மைய வங்கியான ரைக்ஸ்பேங்கின் நோட்டுகள். குழுவுக்கு நான்கு. தென்மாநில டாலரை விட்டுவிட்டேன். அதற்கு நகல்கள் மிக அதிகம். 1862லேயே ஃபிலடெல்ஃபியாவில் சாமுவேல் உப்ஹாம் என்ற வணிகர் அவற்றை நினைவுப்பொருளாக அச்சிட்டு விற்றிருக்கிறார். அந்த உப்ஹாம் நகல்களையே இன்று தனியாகத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

கருவிகள் அதிகம் தேவைப்படவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ், ஒடுங்கிய ஒளிக்கற்றை கொண்ட கைவிளக்கு, புற ஊதா விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல், காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மானி, வீட்டில் ஏற்கெனவே இருந்த ஸ்கேனர் ஆகியவற்றோடு தொடங்கினேன். பருத்திக் கையுறையும் வாங்கினேன். ஒரே வாரத்தில் அதை ஒதுக்கிவிட்டேன். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரிவதில்லை. துணியின் இழை ஓரக் கிழிசலில் மாட்டி அதைப் பெரிதாக்கிவிடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கைகளால், நோட்டின் இரு ஓரங்களையும் பிடித்து எடுப்பதே பாதுகாப்பாக இருக்கிறது.

சோதிக்கும் வரிசையை 8894தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. முதலில் புற ஊதா விளக்கைப் பிடித்தேன். வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் காகிதத் தயாரிப்பில் பரவியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். ஆகவே 1840இல் செய்ததாகச் சொல்லப்படும் தாள் அந்த விளக்கில் நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் அது பொய் சொல்கிறது என்று பொருள். என் தாள் பளிச்சிடவில்லை. மங்கலாக, அமைதியாக, உண்மையானதைப் போலவே இருந்தது. பழமைத் தோற்றத்துக்காகச் சாயமேற்றிய அந்தத் தாளில் வெண்மையூட்டி இல்லாமலிருந்திருக்கலாம். விளக்கை மட்டும் நம்பியிருந்தால் இன்னொரு முறை ஏமாந்திருப்பேன். இதற்கு நேர்மாறாக, உண்மையான நோட்டை யாராவது அண்மையில் சலவைத்தூள் கரைசலில் கழுவியிருந்தால் அது பளிச்சிடும் என்பதையும் பின்னால் அறிந்தேன். விளக்கு சொல்வது ஒரு சாட்சியம் மட்டுமே, தீர்ப்பு அன்று.

தீர்ப்பைச் சொன்னது லென்ஸ். 8894இல் எண்ணும் இரண்டு கையொப்பங்களும், அச்சான எழுத்துகள் எந்த மையில் இருந்தனவோ அதே மையில், அதே கனத்தில் இருந்தன. இறகுப்பேனாவாலோ எஃகு முனையாலோ எழுதியிருந்தால், அழுத்திய இடத்தில் கோடு அகன்று முனையின் இரு பிளவுகளும் இரண்டு இணைகோடுகளாகத் தெரியும். இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த பழைய மை காலப்போக்கில் பழுப்பாகி, தாளின் இழைகளுக்குள் இறங்கியிருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அக்கால அமெரிக்க வங்கி நோட்டுகள் செதுக்கிய தகட்டிலிருந்து அச்சானவை. தகட்டின் பள்ளத்தில் தேங்கிய மை தாளின்மேல் மேடாகப் படிந்திருக்கும். கைவிளக்கை மேசைமட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த மேடு நிழல் விழுத்தும். என் தாள் தட்டையாக, நிழலின்றிக் கிடந்தது.

இதே வரிசையில் முதல் அசிஞாவைப் பார்த்தபோது கிடைத்த மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. 1792 ஜனவரி 4ஆம் நாளைய சட்டத்தின்கீழ் வெளியான பத்து சூ தாள் (சூ என்பது அக்காலப் பிரெஞ்சுச் சில்லறைக் காசு), உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பறிமுதல் செய்த திருச்சபை நிலங்களை ஈடாகக் காட்டி வெளியிட்ட பணம் இது. தாளின் முன்புறத்தில் இரண்டு அறிவிப்புகள்: கள்ளநோட்டு அடிப்பவருக்குச் சட்டம் மரண தண்டனை விதிக்கிறது, காட்டிக்கொடுப்பவருக்கு நாடு வெகுமதி அளிக்கிறது. லென்ஸில் எழுத்தின் விளிம்பில் மை ஒதுங்கி ஒரு கறுப்புக் கரை போட்டிருந்தது. எழுத்து பதித்து அழுத்தும் அச்சின் அடையாளம் அது. தாளைத் திருப்பிச் சாய்வொளியில் பார்த்தால் எழுத்துகள் முதுகில் புடைத்துத் தெரிந்தன. 1796 பிப்ரவரி 19ஆம் நாள் பாரிசின் வாண்டோம் சதுக்கத்தில் அசிஞா அச்சிடும் கருவிகளை மக்கள் முன்னிலையில் எரித்து அழித்தார்கள். அச்சுத்தகடு போன பிறகும் அது விட்ட அழுத்தம் தாளின் முதுகில் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

ரஷ்ய நோட்டுகளுக்கு ஒளி ஊடுருவும் சோதனையே பொருந்தியது. 1910 நாளிட்ட நூறு ரூபிள் நோட்டில் அச்சில்லாத வெள்ளைப் பகுதி ஒன்று உண்டு; வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அங்கே அரசி இரண்டாம் காதரீனின் முகம் எழுகிறது. காகிதக் கூழ் படியும்போதே சில இடங்களில் தடிப்பாகவும் சில இடங்களில் மெலிதாகவும் படியவைத்து உண்டாக்கும் நீர்க்குறி அது; கன்னத்தின் மேடு பள்ளம்கூட இருளும் ஒளியுமாகப் படிப்படியாக மாறுகிறது. பின்னால் நிறமற்ற எண்ணெய்மையால் அச்சிட்ட போலி நீர்க்குறியில் இந்தப் படிமாற்றம் இராது. வெட்டு விளிம்புடன் ஒரே சீராகத் தெரியும், விளக்கைச் சாய்த்தால் மேற்பரப்பிலும் பளபளக்கும். ரஷ்ய மக்கள் இந்த நோட்டைக் ‘கத்தென்கா’ என்று செல்லமாக அழைத்தார்களாம். முகத்தைப் பார்த்தபின் அந்தச் செல்லத்தில் வியப்பில்லை.

இந்த ஓராண்டில் என் கணிப்பை அதிகம் திருத்திய செய்தி, நோட்டில் எழுதியிருக்கும் ஆண்டும் அந்த நோட்டு அச்சிடப்பட்ட ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே. என்னிடம் 1910 ஏப்ரல் 21 என்று நாளிட்ட ஆயிரம் மார்க் நோட்டுகள் இரண்டு இருக்கின்றன. படம், எழுத்து, நாள், எல்லாம் ஒன்றே. முத்திரை மட்டும் ஒன்றில் சிவப்பு, மற்றதில் பச்சை. சிவப்பு முத்திரை முதல் உலகப் போர் முடிவதற்கு முந்திய அச்சு. பச்சை முத்திரை போருக்குப் பிந்திய காலத்தில், பழைய நாளை மாற்றாமலே அச்சிட்டது. இரண்டையும் அருகருகே வைத்து விரல்நுனியால் தடவினால், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நாடு எவ்வளவு ஏழையாகிவிட்டது என்பது தாளின் தரத்திலேயே தெரிவதாக எனக்குப் படுகிறது. இது என் விரலின் கருத்து, அளந்து சொன்னது அன்று.

ரஷ்ய நோட்டுகளில் இந்தக் காலக்கணிப்பைக் கையொப்பம் செய்துகொடுக்கிறது. 1898 என்று நாளிட்ட ஒரு ரூபிள் நோட்டு பல ஆண்டுகள் அதே நாளுடன் அச்சாகிக்கொண்டே இருந்தது. மாறியது அரசு வங்கியின் மேலாளர் கையொப்பம். பிளெஸ்கே ஒப்பமிட்டிருந்தால் 1903க்கு முன், திமாஷெவ் என்றால் 1903 முதல் 1909 வரை, கோன்ஷின் என்றால் அதன்பின் 1914 வரை, ஷிப்போவ் என்றால் அதற்கும் பின். சிரிலிக் கையெழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. நான்கு மேலாளர்களின் ஒப்பங்களையும் பெரிதாக்கி ஓர் அட்டையில் வரைந்து மேசையில் வைத்துக்கொண்டேன். ஒரு மாலையில் பழகிவிட்டது. ‘1898ஆம் ஆண்டு நோட்டு’ என்று விற்கப்பட்ட என் ஒரு ரூபிள் ஷிப்போவ் காலத்தது. அறிந்தே வாங்கியிருந்தாலும் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் பதிவேட்டில் எழுதும் ஆண்டு வேறாக இருக்கும்.

இனி, கெடுத்த கதை. பழைய நோட்டைக் கழுவி இஸ்திரி போட்டால் புதிதுபோல் ஆகிவிடும் என்று ஆலோசனை சொல்பவர்கள் எங்கும் உண்டு. கூடாது என்று அலறுபவர்களும் உண்டு. காரணத்தை இரு தரப்பாரும் சொல்லாததால், நானே செய்து பார்த்தேன். 1922 டிசம்பர் 15 நாளிட்ட ஆயிரம் மார்க் தாளின்மேல், 1923இல் சிவப்பு மையில் நூறு கோடி மார்க் என்று குறுக்கே அச்சிட்டுப் புழக்கத்துக்கு விட்ட நோட்டு அது. ஒரே மாதிரி மடிப்புகளுடன் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை வெதுவெதுப்பான வெறும் நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மைஒற்றுத் தாள்களின் நடுவே உலர்த்தி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன்.

எட்டடி தூரத்திலிருந்து பார்த்தால் இஸ்திரி போட்டதே அழகு. கையில் எடுத்ததும் வேறுபாடு புரிந்தது. தாளுக்கு விறைப்பைத் தருவது இழைகளின்மேல் ஏற்றியிருக்கும் பசை. நீர் அதில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு போய்விட்டதால் நோட்டு துணியைப்போல் தொய்ந்தது. ஓரத்தைச் சுண்டினால் வரவேண்டிய ஓசை வரவில்லை. அச்சின் அழுத்தம் இஸ்திரியின் கனத்தில் சமமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், எதை மறைக்க இவ்வளவும் செய்தேனோ அந்த மடிப்பு மறையவே இல்லை. மடிப்பின் வரியில் காகித இழைகள் ஏற்கெனவே உடைந்து, மை உதிர்ந்து போயிருந்தன. தட்டையாக்கியதால் உடைந்த இழை ஒட்டாது, போன மை திரும்பாது. சாய்வொளியில் கோடு முன்போலவே நின்றது. இரண்டு தாள்களையும் ஒரே உறையில் முதுகோடு முதுகாக வைத்திருக்கிறேன். அடுத்து யாராவது இஸ்திரி ஆலோசனை சொன்னால் அந்த உறையைக் கையில் கொடுப்பதாக உத்தேசம்.

கிழிசலுக்கும் இதே நியாயம்தான். ஒட்டும் டேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, அதன் பசை இழைக்குள் இறங்கி, நீக்க முடியாத கறையாகிவிடுகிறது. காகிதப் பாதுகாப்பு வல்லுநர்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுப் பசையையும் பயன்படுத்துவதன் காரணம், பின்னால் நீரைத் தொட்டு அதைப் பிரித்துவிட முடியும் என்பதே. என்னிடமிருந்த ஐந்து ரூபிள் நோட்டின் அரை அங்குலக் கிழிசலைச் செப்பனிட ஆசை வந்தது. உறைக்குள் வைத்தால் கிழிசல் வளரப்போவதில்லை என்பதால் கையை வைக்காமல் விட்டேன்.

உறைகள் பற்றிய கவலை அங்கேதான் தொடங்கியது. தொடக்கத்தில் நான் வாங்கிய ஆல்பத்தின் ஏடுகள் திறந்ததும் புது ரெக்சின் நாற்றம் அடித்தன. பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து தாளில் ஒட்டும். பிவிசி சிதையும்போது அமிலமும் வெளிவரும். ஆல்பத்தின் அட்டையில் எந்தப் பிளாஸ்டிக் என்ற குறிப்பு இல்லை. செம்புக் கம்பிச் சோதனை செய்தேன். செம்புக் கம்பியின் நுனியை அடுப்புச் சுடரில் பச்சை நிறம் முற்றும் அடங்கும்வரை காய்ச்சி, சூட்டோடு ஏட்டின் ஓரத்தில் தொட்டு, ஒட்டிய துளிப் பிளாஸ்டிக்குடன் மீண்டும் சுடரில் காட்ட வேண்டும். பிவிசியில் உள்ள குளோரின் இருந்தால் சுடர் பளிச்சென்று பச்சையாகும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மிகச் சிறிய துண்டில் மட்டும் இதைச் செய்வது நல்லது, புகை நச்சானது. சுடர் கிளிப்பச்சையாக எழுந்தது. அன்று மாலையே நோட்டுகளை வெளியே எடுத்துவிட்டேன். இப்போது எல்லாம் பாலியெஸ்டர் உறைகளில் இருக்கின்றன, பாலிப்ராப்பிலீனும் ஏற்கத்தக்கதே.

1912 நாளிட்ட ஐந்நூறு ரூபிள் மட்டும் எந்த உறைக்கும் அடங்கவில்லை. மகா பீட்டரின் உருவம் தாங்கிய அந்தத் தாள் ஏறத்தாழ 27 செ.மீ. நீளமும் 12 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்டது. முன்பு வைத்திருந்தவர்கள் எல்லாரும் மடித்தே வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மடிப்பு ஆழமாக இருக்கிறது. பெரிய பாலியெஸ்டர் தாளை வாங்கி, இரண்டாக மடித்து, மற்ற மூன்று பக்கங்களையும் திறந்தே விட்டு, அமிலமில்லாத அட்டையைப் பின்னால் வைத்து அதற்கென ஓர் உறை செய்தேன். ஓரங்களை ஒட்டவில்லை, பசை எதுவும் நோட்டின் அருகே வரக்கூடாது என்பதோடு, திறந்த ஓரத்தில் தாள் மூச்சுவிடவும் செய்யும். ஆல்பத்தை வெளிச்சம் படாத அலமாரியில் படுக்கைவாட்டில் வைத்திருக்கிறேன். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றுகிறேன். ஈரம் ஏறினால் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் வரும். மிகவும் வறண்டால் தாள் நொறுங்கும்.

தரம் பிரிப்பதில் நான் இன்னும் மாணவனே. 1961இல் தொடங்கிய பன்னாட்டு வங்கி நோட்டுச் சங்கத்தின் அளவுகோலில், புழங்காத புதுத் தாள் முதல் கந்தல் வரை படிகள் இருக்கின்றன; மூன்று இலேசான மடிப்போ ஓர் அழுத்தமான மடிப்போ இருந்தால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ என்ற படி, அதற்கும் மேல் மடிப்பிருந்தும் விறைப்பு மிச்சமிருந்தால் அதற்கடுத்த படி என்பதுபோல் போகிறது. விற்பவர் சொல்லும் படியிலிருந்து ஒன்றைக் குறைத்தே நான் எழுதிக்கொள்கிறேன். நாலாக மடித்த நோட்டின் நட்டநடுவில் ஊசிமுனை அளவு துளை விழுந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். பன்னிரண்டில் ஐந்தில் அது இருந்தது, விற்றவர் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு பக்கம். ஆல்பர்ட் பிக் தொகுத்த பட்டியலைப் பின்பற்றி வரும் பிக் எண், நாடு, தொகை, நோட்டில் உள்ள நாள், கையொப்பத்தால் கணித்த காலம், நீள அகலம், வரிசை எண், நீர்க்குறி, குறைகள், வாங்கிய நாள் ஆகியவற்றை எழுதுகிறேன். முன்னும் பின்னும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஒளி ஊடுருவும் படம் ஒன்றும் எடுத்துக்கொள்கிறேன். நோட்டின்மேல் எதுவும் எழுதுவதில்லை. முன்பு வைத்திருந்த ஒருவர் அப்படி நினைக்கவில்லை: ஐந்நூறு ரூபிளின் பின்புற மூலையில், ஆல்பத்தில் ஒட்டியிருந்த பழைய கீற்றுத்தாளின் மிச்சமும், அதன் கீழே பென்சிலில் 37 என்ற எண்ணும் இருக்கின்றன. ரப்பரை இரண்டு முறை கையில் எடுத்தேன். பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருக்கிறது: பின்புறம் இடது கீழ் மூலையில் பென்சில் எண் 37, முந்தைய சேகரிப்பாளருடையது, அழிக்கப்படவில்லை.